மாரடைப்புக்குப் பிறகு வால்வு லீக்: எப்போது பயப்பட வேண்டும், எப்போது காத்திருக்கலாம்?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 62 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ஆர்.சி.ஏ. என்ற குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது எடுத்த எக்கோவில் 'மாடரேட் எம்.ஆர்., ஈ.எஃப். 42' என்று போட்டிருக்கிறது. டாக்டர் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார். சித்தப்பாவோ, 'வால்வு போயிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும்' என்கிறார். அடைப்பு ரத்தக்குழாயில்தானே இருந்தது? வால்வு எப்படிக் கெட்டது? காத்திருப்பது சரியா?"

எம்.ஆர். என்றால் மிட்ரல் என்ற வால்வு கசிவது, ஈ.எஃப். என்றால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு. உங்கள் அப்பாவின் வால்வு அநேகமாகக் கெடவே இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் தசைச் சுவர்தான் பழுதாகியிருக்கிறது. வீட்டில் நிலை சாய்ந்துபோனால் நல்ல தேக்குக் கதவும் சரியாகச் சாத்தாது, அப்படித்தான் இதுவும். அதனால் டாக்டர் சொன்ன மூன்று மாதம் வீண் காத்திருப்பு இல்லை, அதுவே சிகிச்சையின் முதல் கட்டம். மாரடைப்பு முடிந்த முதல் வாரத்தில் திடீரென்று வரும் வால்வு லீக் வேறு கதை. அங்கே மணிக்கணக்கில் கூடக் காத்திருக்க முடியாது. சித்தப்பா அப்படி ஒரு நோயாளியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதயத்தின் இடது பக்கத்தில் இரண்டு அறைகள். மேலறை, நுரையீரலில் இருந்து வரும் ரத்தத்தை வாங்கிக் கீழறைக்குக் கொடுக்கிறது. கீழறை சுருங்கி அதை உடம்பு முழுவதற்கும் தள்ளுகிறது. நடுவில் இருப்பது மிட்ரல் வால்வு. அதற்கு இரண்டு இதழ்கள். கீழறை சுருங்கும்போது உள்ளே அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் அளவுக்கு ஏறும். அந்த வேகத்தில் இதழ்கள் மேலறைக்குள் மடங்கிப் போய்விடாமல் இருக்க, அவற்றின் ஓரத்தில் இருந்து மெல்லிய நாண்கள் இறங்கி, கீழறைச் சுவரில் இருந்து எழும்பி நிற்கும் இரண்டு பாப்பிலரி தசைகளில் போய்ச் சேர்கின்றன. அறை சுருங்கும்போது இந்தத் தசைகளும் கூடவே சுருங்கி நாண்களை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வால்வு மூடுவது இதழ்களின் வேலை மட்டும் இல்லை. இதழ், அதைச் சுற்றியுள்ள வளையம், நாண், பாப்பிலரி தசை, அந்தத் தசை நிற்கும் சுவர் ஆகிய ஐந்தும் ஒழுங்காக இருந்தால்தான் அது மூடும். இதில் தசையும் சுவரும் உயிரோடு இருக்க, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி ரத்தக்குழாய் வேண்டும். குழாய் அடைத்தால் வால்வு ஏன் கசிகிறது என்பதற்கு இதுதான் பதில்.

உங்கள் அப்பாவுக்கு அடைத்தது ஆர்.சி.ஏ., அதாவது வலது கரோனரி குழாய் என்பது இங்கே முக்கியம். இரண்டு பாப்பிலரி தசைகளில் முன்பக்கம் இருப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு குழாய்களில் இருந்து ரத்தம் வருகிறது: எல்.ஏ.டி., சர்க்கம்ஃபிளெக்ஸ். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று ஓரளவு காப்பாற்றும். பின்பக்கம் இருப்பதற்குப் பெரும்பாலானோருக்கு ஒரே குழாய்தான், அதுவும் அநேகமாக ஆர்.சி.ஏ. அதனால்தான் இதயத்தின் அடிப்பக்கச் சுவரில் வரும் அட்டாக், அதாவது ரிப்போர்ட்டில் 'இன்ஃபீரியர் வால்' என்று எழுதுவார்களே அது, அளவில் சின்னதாக இருந்தாலும் மிட்ரல் வால்வைக் கசியவிடும். "சின்ன அட்டாக்தான்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி வால்வு?" என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான். இறந்த தசையின் அளவைவிட, அது இருக்கிற இடம் இங்கே அதிகம் தீர்மானிக்கிறது.

எக்கோவில் கொஞ்சமாவது கசிவு தெரிவது அபூர்வமும் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் கவுண்டி மக்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் எக்கோ எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் மிட்ரல் கசிவு இருந்தது. அதில் பெரும்பகுதி லேசானது. மாடரேட்டோ அதற்கு மேலோ இருந்தது 12 சதவீதம் பேருக்கு. அப்பா அந்த 12 சதவீதத்தில் இருக்கிறார். பதற்றம் வேண்டாம், ஆனால் "எல்லாருக்கும் இருக்கும்" என்று விட்டுவிடவும் முடியாது.

இப்போது அந்த அவசர வகை. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இருந்தாலும் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாரடைப்பு வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தம் கிடைக்காமல் இறந்த தசை முதல் சில நாட்களில் மிருதுவாகிப் போகும். தழும்பு உருவாகி உறுதியாகப் பல வாரம் ஆகும். இந்த இடைவெளியில், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள், பாப்பிலரி தசை கிழிந்துவிடுவது உண்டு. பின்பக்கத் தசைதான் பல மடங்கு அதிகமாகக் கிழிகிறது. காரணம் மேலே சொன்ன அதே ஒற்றைக் குழாய். முழுவதும் கிழிந்தால் இரண்டு இதழ்களும் பிடிமானம் இழக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பாப்பிலரி தசையில் இருந்தும் இரண்டு இதழ்களுக்கும் நாண்கள் போகின்றன. ஒரு முனை மட்டும் கிழிந்தால் கசிவு கடுமையாக இருந்தாலும் சில மணி நேரமோ சில நாளோ தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

திடீர் கசிவு ஏன் இவ்வளவு மோசம்? இடது மேலறை அதுவரை சாதாரண அளவில், இறுக்கமாக இருந்திருக்கும். நாள்பட்ட கசிவில் அது மெல்ல மெல்ல விரிந்து, திரும்பி வரும் ரத்தத்துக்கு இடம் கொடுக்கப் பழகிவிடும். திடீர்க் கசிவில் அந்த அவகாசமே இல்லை. திரும்பி வரும் ரத்தம் மேலறையின் அழுத்தத்தை ஏற்றி, அந்த அழுத்தம் அப்படியே நுரையீரலுக்குப் போய், சில நிமிடங்களில் நீர் கோர்த்துக்கொள்ளும். முன்பக்கம் உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் குறைவதால் பி.பி. விழும், கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும்.

இதில் டாக்டர்களையே ஏமாற்றும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, வால்வு கசிந்தால் ஸ்டெதஸ்கோப்பில் ஒரு முணுமுணுப்புச் சத்தம் கேட்க வேண்டும். ஆனால் இந்த நிலையில் கீழறைக்கும் மேலறைக்கும் இடையே அழுத்த வித்தியாசமே குறைந்துவிடுவதால், கணிசமான பேருக்குச் சத்தம் மெலிதாகவே இருக்கும், சிலருக்குக் கேட்கவே கேட்காது. கசிவு மிகக் கடுமையாக இருக்கும்போதுதான் சத்தம் அடங்கிப் போகிறது. இரண்டு, கசிவின் வீச்சு, நுரையீரலின் வலது மேல்பகுதியில் இருந்து ரத்தம் கொண்டுவரும் சிரையை நோக்கிப் பாய்ந்தால், எக்ஸ்ரேயில் வலது மேல்பகுதி மட்டும் வெளுத்துத் தெரியும். பார்ப்பவர் நிமோனியா என்று நினைத்துக்கொள்வார். ஆகவே மாரடைப்புக்குப் பிறகு திடீரென மூச்சு முட்டினால், சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், படுக்கை அருகிலேயே எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மார்பு வழியாகத் தெளிவாகத் தெரியாவிட்டால் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ காட்டிக்கொடுக்கும். அதே எக்கோவில் இன்னொன்றும் தெரியும்: இரண்டு கீழறைகளுக்கும் நடுச்சுவர் ஓட்டையாகியிருக்கிறதா என்று. அதுவும் இதே நாட்களில், இதே மாதிரி நோயாளியைச் சாய்க்கும்.

கண்டுபிடித்துவிட்டால், ஐ.சி.யூ.வில் நீர் மருந்து, ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து, தேவைப்பட்டால் மூச்சுக்கருவி, மகாதமனிக்குள் வைக்கும் பலூன் பம்ப் என்று பிடித்து நிறுத்துவார்கள். இவையெல்லாம் ஆபரேஷன் அரங்கு தயாராகும் வரைதான். ஆபரேஷன் இல்லாமல் மருந்தோடு மட்டும் விட்டால் முழுக்கிழிசல் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் முதல் நாளையே தாண்டுவதில்லை என்பது பழைய காலத்தில் இருந்து வரும் கணக்கு. ஆபரேஷனும் சாதாரணமானதில்லை, 20 முதல் 40 சதவீதம் வரை ஆஸ்பத்திரியிலேயே இறப்பு நேரலாம். இந்த எண்ணைக் கேட்டு வீட்டார் கையெழுத்துப் போடத் தயங்கும்போது நான் சொல்வது ஒன்றுதான்: ஒப்பிட வேண்டியது ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதோடு. பிழைத்து வீடு திரும்பியவர்களின் பிற்கால ஆயுள், தசை கிழியாத மற்ற மாரடைப்பு நோயாளிகளோடு ஏறத்தாழ ஒத்திருந்தது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2008இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதனால் இதில் தயக்கத்துக்கு இடம் இல்லை என்பது என் கருத்து. ஆபரேஷனைத் தாங்கவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்குக் காலில் இருந்து குழாய் விட்டு வால்வில் கிளிப் போடுவதையும் சில இடங்களில் முயல்கிறார்கள்.

நல்ல செய்தி, இது இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. அடைப்பை உடனே திறக்கும் வழக்கம் வருவதற்கு முன் மாரடைப்பு நோயாளிகளில் 1 முதல் 5 சதவீதம் வரை இருந்த இந்தக் கிழிசல், இன்று 1 சதவீதத்துக்கும் எவ்வளவோ கீழே. யாருக்கு இன்னும் வருகிறது என்றால், தாமதமாக வருபவர்களுக்கு. நெஞ்சைப் பிசைவதைக் 'கேஸ்' என்று நினைத்து சோடா குடித்து, இரவெல்லாம் ஓமத் தண்ணீரில் ஓட்டிவிட்டு மறுநாள் மாலை வருகிறார்களே, அவர்களுக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வந்து போவதும் உண்டு. அப்படிப்பட்டவர் மூச்சு வாங்குகிறது என்று வந்து, எக்கோவில் வால்வு லீக் தெரிந்து, அதன் காரணத்தைத் தேடும்போதுதான் பழைய அட்டாக்கே தெரியவரும்.

குழாயைச் சீக்கிரம் திறப்பது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2012 முதல் 2014 வரை இங்கே நடந்த ஒரு திட்டத்தில், சிறிய ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். முதலில் பக்கத்தில் உள்ள இடத்திலேயே கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு என்று ஏற்பாடு. 2,420 பேரை உட்படுத்திய அந்த ஆய்வில் ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 ஆகக் குறைந்தது. அது வால்வுக்காகச் செய்த ஆய்வு இல்லை. ஆனால் குழாய் சீக்கிரம் திறந்தால் குறைந்த தசைதான் சாகும்; தசை பிழைத்தால் வால்வும் பிழைக்கும்.

இன்னொரு நடைமுறை விஷயம். ஸ்டென்ட் வைத்து மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், கிழிசலோ முதல் வாரம் முழுக்க வரலாம். ஆகவே வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் திடீர் மூச்சுத்திணறல், படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, இருமினால் நுரையோடு இளஞ்சிவப்பாகச் சளி வருவது, இதில் எது வந்தாலும் மறுநாள் ஓ.பி. வரை பொறுக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு, முடிந்தவரை இதய ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்கே போக வேண்டும்.

சரி, இனி உங்கள் அப்பாவின் வகைக்கு வருவோம். இதில் எதுவும் கிழியவில்லை. அட்டாக் வந்த சுவர் வலுவிழந்து, வாரக்கணக்கில் மெல்ல வெளிப்பக்கம் பிதுங்குகிறது. அதோடு ஒட்டிய பாப்பிலரி தசையும் கீழேயும் பக்கவாட்டிலும் விலகிப் போகிறது. நாண் நீளாது, அதனால் இதழ் கீழ்நோக்கி இழுபடுகிறது. இரண்டு இதழ்களும் நடுவில் சந்திக்க முடியாமல் இடைவெளி விழுகிறது. அறை மேலும் பெரிதானால் வால்வின் வளையமும் விரியும். கசிவு கூடினால் அறைக்கு வேலை கூடும். வேலை கூடினால் அறை இன்னும் பெரிதாகும். பெரிதானால் கசிவு இன்னும் கூடும். இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும். சிகிச்சை என்று நாம் செய்வதெல்லாம் அதுதான்.

ஊரில் நாம் அதிகம் கேள்விப்படும் வால்வு நோய் வேறு. சின்ன வயதில் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதழ்களையே தடிக்க வைத்து ஒட்டிவிடும். அங்கே கெடுவது இதழ். பல நேரம் வால்வைத்தான் சரிசெய்தோ மாற்றியோ ஆக வேண்டும். "எங்க அத்தைக்கு வால்வு மாத்தினாங்க, இருபது வருஷமா நல்லா இருக்காங்க" என்று யாராவது சொன்னால் அது அநேகமாக அந்த வகையாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டைப் பற்றி. 'டிரிவியல் எம்.ஆர்.' என்பது நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வரும், அதை மறந்துவிடலாம். 'மைல்ட்' என்றால் கவனிப்பு போதும். 'மாடரேட்'டில் இருந்துதான் பேச்சு தொடங்குகிறது. 'சிவியர்' என்றால், ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தள்ளும் ரத்தத்தில் பாதியோ அதற்கு மேலோ பின்னால் போகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் இந்த வகைக் கசிவு நிலையாக நிற்பதில்லை. பி.பி. ஏறியிருந்தால் கூடும், உடம்பில் நீர் சேர்ந்திருந்தால் கூடும், நடந்தால் கூடச் சிலருக்குக் கூடும். மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தால் குறைந்து காட்டும். மூச்சிரைப்போடு வந்த அன்று எடுத்த எக்கோவில் 'சிவியர்' என்றிருந்தது, நீர் வடிந்து பி.பி. இறங்கிய பிறகு 'மாடரேட்' ஆகிவிடுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒரே ஓர் எக்கோவை வைத்து மார்பைத் திறக்க முடிவெடுக்காததற்கு இதுதான் காரணம்.

ஈ.எஃப். என்ற எண்ணிலும் ஒரு சூது இருக்கிறது. கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அது. எந்தப் பக்கம் போகிறது என்று அது பார்ப்பதில்லை. வால்வு கசியும்போது ஒரு பங்கு, அழுத்தம் குறைந்த மேலறைக்குள் சுலபமாகப் போய்விடும். அதனால் ஈ.எஃப். 42 என்று இருந்தாலும் தசையின் உண்மையான வலு அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆகவே எம்.ஆர். உள்ளவர்களுக்கு ஈ.எஃப்.போடு கீழறையின் அளவு, இடது மேலறையின் அளவு, நுரையீரல் அழுத்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அடுத்த ரிப்போர்ட்டில் இவை குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கசிவைச் சாதாரணமாக விட முடியாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், மேயோ கிளினிக் 2001இல் 303 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், பழைய மாரடைப்போடு மிட்ரல் கசிவும் இருந்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் 62 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். கசிவு இல்லாதவர்களில் 39 சதவீதம். இந்த எண்கள் இன்றைய மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தவை, ஆகவே அப்பாவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். கசிவு இருப்பது இதயம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

இனி மாத்திரை. டாக்டர் மாற்றிக் கொடுத்ததில் அநேகமாக நாலு வகை இருக்கும்: மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்; ரமிப்ரில் வகை அல்லது சாகுபிட்ரில்-வல்சார்ட்டான் கூட்டு மாத்திரை; ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளிரினோன்; சர்க்கரைக்காக வந்து இப்போது இதயத்துக்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். கால் வீக்கமோ மூச்சிரைப்போ இருந்தால் நீர் மாத்திரையும். இவை வால்வைத் தொடுவதே இல்லை. கீழறை பிதுங்குவதை நிறுத்தி, பலருக்கு அதைக் கொஞ்சம் சுருங்கவும் வைக்கின்றன. அறை சுருங்கினால் பாப்பிலரி தசை பழைய இடத்துக்கு அருகே வரும், இதழ்கள் சந்திக்கும், கசிவு குறையும். இதற்குத்தான் மூன்று மாதம்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் சிகிச்சை பாழாகிறது. மாத்திரை தொடங்கியதும் பி.பி. 100க்கு 70 என்று வரும். "என்னடா இது, லோ பி.பி. ஆயிடுச்சே" என்று பக்கத்து வீட்டுக்காரரோ மருந்துக்கடைக்காரரோ சொல்ல, ஒரு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கசியும் வால்வு உள்ளவருக்கு முன்பக்கத் தடை குறைவாக இருந்தால்தான் ரத்தம் பின்னால் போகாமல் முன்னால் போகும். தலைசுற்றல், மயக்கம் இல்லாமல் நன்றாக நடமாடுகிறார் என்றால் அந்த பி.பி. அவருக்கு நல்லது. எழுந்தால் தலைசுற்றுகிறது என்றால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களே நிறுத்தாதீர்கள்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடுவது அடுத்த பிரச்சினை. அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதித்து, நன்றாக இருந்தவரைத் திரும்ப ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிடும். அப்புறம் இளநீர். உடம்புக்கு நல்லது என்று தினமும் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஸ்பைரோனோலாக்டோனும் ரமிப்ரிலும் சேர்ந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏறும் வாய்ப்பு அதிகம். இளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் சோதித்து டாக்டர் சரி என்றால் பார்க்கலாம், அதுவரை வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி உங்களுக்கே தெரியும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் ஏறியதில்லை, நீர். உடனே போன் செய்ய வேண்டும்.

மாத்திரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. குழாய்களில் இன்னும் அடைப்பு மீதி இருந்து, அந்தப் பகுதித் தசை சாகாமல் தூங்கிக்கொண்டிருந்தால், அதற்கு ரத்தம் கிடைக்கச் செய்தால் சுவர் திரும்ப வேலை செய்யலாம். ஈ.சி.ஜி.யில் இடது பக்க மின்பாதை அடைத்து, ஈ.எஃப். 35க்குக் கீழே இருந்தால், இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துடிக்கவைக்கும் சி.ஆர்.டி. என்ற பேஸ்மேக்கர் சிலருக்குக் கசிவையும் குறைக்கும். ஈ.எஃப். 42 உள்ள உங்கள் அப்பாவுக்கு இப்போது அந்தப் பேச்சு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கசிவு கடுமையாக நின்றால்? இங்கேதான் "உடனே ஆபரேஷன்" என்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மையங்கள் சேர்ந்து, இந்த வகைக் கடுமையான கசிவு உள்ள 251 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு வளையம் வைத்து வால்வைச் சரிசெய்தார்கள், பாதிப் பேருக்கு வால்வை மாற்றினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை: சரிசெய்தவர்களில் 19 சதவீதம், மாற்றியவர்களில் 23.2 சதவீதம். ஆனால் சரிசெய்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்குக் கசிவு மாடரேட்டாகவோ அதற்கு மேலோ திரும்ப வந்தது, மாற்றியவர்களில் 3.8 சதவீதம்தான். பொதுவாக மிட்ரல் வால்வில் 'சரிசெய்வதே மேல்' என்பது சர்ஜன்களின் வேதம். ஆனால் மாரடைப்பால் வந்த கசிவில் வளையத்தைச் சுருக்கினாலும் கீழே சுவர் மேலும் பிதுங்கிக்கொண்டே போவதால் அந்த வேதம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

அதே குழுவினர், பைபாஸ் தேவைப்படும் மாடரேட் கசிவுக்காரர்கள் 301 பேரையும் பார்த்தார்கள். பைபாஸ் மட்டும் செய்தவர்கள், பைபாஸோடு வால்வையும் சரிசெய்தவர்கள் இரு சாராரிலும் இரண்டு ஆண்டில் இறப்பு ஏறத்தாழ 10 சதவீதம்தான். வால்வையும் தொட்டவர்களுக்குக் கசிவு குறைந்தது உண்மை, ஆனால் பக்கவாதம் போன்ற நரம்புச் சிக்கல்களும் துடிப்புக் கோளாறுகளும் அதிகம். உங்கள் அப்பாவுக்கு பைபாஸ்கூடத் தேவைப்படவில்லை, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. ஆக மாடரேட் கசிவுக்காக மட்டும் இப்போது மார்பைத் திறப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லலாம்.

மார்பைத் திறக்காத வழியும் வந்துவிட்டது. இத்தாலிய சர்ஜன் ஒட்டாவியோ அல்ஃபியேரி 1990களின் தொடக்கத்தில் இரண்டு இதழ்களின் நடுவையும் ஒரு தையலால் சேர்த்துவிடும் முறையைச் செய்து காட்டினார். அதையே தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கிளிப்பால் செய்வதுதான் மிட்ராகிளிப். 2018இல் இதைப் பற்றி ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுகள் வந்து எல்லாரையும் குழப்பின. பிரான்ஸில் 304 பேரிடம் செய்ததில் பயனே இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் செய்த கோஆப்ட் ஆய்வில் இரண்டு ஆண்டு இறப்பு 46.1 சதவீதத்தில் இருந்து 29.1 ஆகக் குறைந்தது. ஏன் இந்த முரண்? பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்: கோஆப்டில் சேர்ந்தவர்களுக்குக் கசிவு அதிகம், கீழறை அவ்வளவாக விரியவில்லை, அவர்களுக்கு மருந்தை முடிந்த உச்சம் வரை கொடுத்துப் பார்த்த பிறகே சேர்த்தார்கள். பிரெஞ்சு ஆய்வில் கசிவு அதைவிடக் குறைவு, அறையோ ரொம்பப் பெரிது. அறையே முழுக்கத் தளர்ந்துபோன பிறகு வால்வை மட்டும் இறுக்கிப் பயனில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கிளிப்பின் விலை நம் ஊரில் பல லட்சம். "கிளிப் போட்டுக்கலாமா?" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, மருந்து முழு அளவில் எத்தனை மாதம் கொடுத்துப் பார்த்தாயிற்று என்பதை.

பிற்காலத்தில் வால்வை மாற்ற நேர்ந்தால் உலோக வகையா, திசு வகையா என்ற கேள்வி வரும். உலோக வால்வு நீண்ட நாள் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் முறையாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இந்த வகை. ஆனால் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையில் மிட்ரல் இடத்து வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5க்குள் வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும், சோதனை தேவையில்லாத மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஸ்டென்டுக்கான மாத்திரைகளோடு ஆசிட்ரோமும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து ஏறும் என்பதால், எதை எப்போது குறைப்பது என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 65, 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திசு வால்வையே அதிகம் பரிந்துரைப்பார்கள்.

மற்ற வால்வுகள்? மகாதமனி வால்வை மாரடைப்பு நேரடியாகக் கெடுப்பதில்லை. வயதானவர்களுக்கு அது சுண்ணாம்பு படிந்து சுருங்கியிருப்பது, மாரடைப்புக்காக எடுத்த எக்கோவில் தற்செயலாகத் தெரியவரும், அவ்வளவுதான். வலது கீழறையில் அட்டாக் வந்தால் மூவிதழ் வால்வு கசியலாம்.

அடுத்த முறை போகும்போது: முடிந்தால் அதே இடத்தில் எக்கோ எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் சி.டி.யையும் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் இரண்டு பேர் இரண்டு மெஷினில் பார்த்தால் மாடரேட்டுக்கும் சிவியருக்கும் நடுவே சுலபமாக மாறிவிடும். எக்கோ எடுக்கும்போது பி.பி. என்ன என்று குறிக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: கீழறை முன்பைவிடச் சுருங்கியிருக்கிறதா, மாத்திரைகள் முழு அளவுக்கு வந்துவிட்டனவா, மீதி அடைப்பு ஏதாவது பார்க்க வேண்டியிருக்கிறதா. அதற்கு முன்பே, இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை என்றாலோ, நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தாலோ, மாடி ஏறும்போது முன்பு இல்லாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, மூன்று மாதம் முடியட்டும் என்று இருக்காமல் அப்போதே அழைத்துப் போங்கள்.